இரண்டு கிட்டார்களுக்கு அடியில் கேட்கும் பாஸ்

பிடித்த பாஸ் கிட்டார் வாசிப்பாளர் யார் என்று கேட்டால் பலரும் விரல் வேகத்தை வைத்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. கிட்டார் முழு டிஸ்டார்ஷனில் (ஒலியைக் கரகரக்க வைக்கும் விளைவில்) ஓடுகிறது, டிரம்மர் கிக்கைப் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மை) போட்டு மிதிக்கிறார், பாடகர் தொண்டை கிழியப் பாடுகிறார். அந்த நேரத்தில் பாஸ் என்ன வாசிக்கிறது என்று என் காதுக்குத் தெரிகிறதா? தெரிகிறது என்றால் அதை அவர் எப்படிச் செய்தார்? ராக்கிலும் மெட்டலிலும் எனக்குப் பிடித்தவர்கள் எல்லோரும் இந்த ஒரு சிக்கலுக்கு ஆளுக்கொரு வழி கண்டவர்கள். கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர்களோடு சேர்ந்து பாஸ் வாசித்து வருகிறேன். எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் இவர்களுடைய பதிவுகளை ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டு, கையில் வாசித்துப் பார்த்துக் கற்றது.

சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு கம்பி பாஸின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ், சரியாக ஒரு ஸ்தாயி மேலே. எண்களைப் பார்த்தால் இரண்டுக்கும் சண்டையே இல்லை. ஆனால் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் தன் மேல்சுரங்களை (அடிச்சுரத்தோடு கூடவே எழும் உயர் அதிர்வுகளை) எல்லாம் ஊதிப் பெருக்கி நடு அலைவரிசை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. உள்ளங்கையால் கம்பியை அழுத்தி வாசிக்கும்போது வரும் ‘தும்’ ஓசை பாஸின் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதற்குக் கீழே கிக் டிரம். இதோடு, ஃபோன் ஸ்பீக்கர் மாதிரி சின்ன ஸ்பீக்கர்களால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. அதில் நாம் பாஸ் என்று கேட்பது அந்தச் சுரத்தின் மேல்சுரங்களைத்தான். அதனால் பாஸ் கேட்கவில்லை என்று ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) பாஸ் குமிழைத் திருகினால் அறை அதிருமே தவிர சுரம் தெரியாது.

எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் வளர்ந்த நமக்கு, பாஸ் தனியாக ஒரு மெட்டு பாடும் என்பது புதிய செய்தி இல்லை. ஆனால் அங்கே இசையமைப்பாளரே பாஸுக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறார். மெட்டலில் அந்த இடத்தை யாரும் விட்டுத்தர மாட்டார்கள். வாசிப்பவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இதை முதலில் எனக்குப் புரியவைத்தவர் பிளாக் சப்பாத் குழுவின் கீசர் பட்லர். பர்மிங்காமில் ரிதம் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர், கிட்டார் வாசிப்பாளர் டோனி அயோமியோடு சேர்ந்தபோது பாஸுக்கு மாறினார். கிரீம் குழுவின் ஜாக் புரூஸை ரசித்தவர் என்பதால் பாஸ் என்றால் அடியில் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்ற எண்ணம் அவரிடம் இல்லை. அயோமி தகரத் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைப் பழக்கம் என்பதால் ஃப்ரெட்டை (கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளை) அழுத்தும் கையே அதுதான். கம்பி இறுக்கம் குறைந்தால் விரலுக்கு வலி குறையும் என்று 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். பட்லரும் கூடவே இறக்கினார். இன்றைய மெட்டலின் கனத்துக்கு அந்தத் தளர்ந்த கம்பிகளும் ஒரு காரணம்.

பட்லர் பல இடங்களில் கிட்டார் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் வரியை) அப்படியே பின்தொடர்கிறார். ஆனாலும் கரைந்துபோவதில்லை, ஏன்? 1970-இல் வந்த ‘வார் பிக்ஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அயோமி ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) அடித்து நீட்டி விடும்போதெல்லாம் பட்லர் கீழே நடக்கிறார், ஏறுகிறார், கம்பியை வளைக்கிறார். பாஸ் கம்பியை வளைப்பது சுலபம் இல்லை, தடிமன் அப்படி. அந்த வளைவில்தான் அவர் குரல் இருக்கிறது. முதல் ஆல்பத்தில் ‘என்.ஐ.பி.’ தொடங்குவதற்கு முன் வா பெடலில் (காலால் மிதித்து ஓசையை ‘வா-வா’ என்று மாற்றும் கருவியில்) அவர் தனியாக வாசிக்கும் துண்டை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். சுரங்கள் எளிமைதான். அந்தச் சோம்பல் நடை கைக்கு வர எனக்கு நெடுநாள் பிடித்தது. பிளாக் சப்பாத் பாட்டு வாசிக்கும்போது நான் வைத்திருக்கும் விதி இது: கிட்டார் ஓடினால் அதோடு ஒட்டு, கிட்டார் நின்றால் நீ நட. எந்த ரிஃப் பாட்டுக்கும் இது பொருந்துகிறது.

இதற்கும் முன்னால் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் கம்பியிலிருந்தே ஆரம்பித்தார். அப்போது பாஸில் பெரும்பாலும் வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பிதான். அதில் ஓசை மந்தமாக, சீக்கிரம் அடங்கிவிடும். பியானோவின் அடிக்கட்டை மாதிரி கணீரென்று வேண்டும் என்று ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உருண்டைச் சுற்றுக் கம்பிகளை 1966 வாக்கில் அவர் உருவாக்க வைத்தார். இன்று கடையில் பாஸ் வாங்கினால் அதில் மாட்டியிருப்பது பெரும்பாலும் அந்த வகைதான். நமக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து உருண்டைச் சுற்றுக் கம்பியின் பள்ளங்களில் அழுக்கை நிரப்பிவிடும். கணீர் ஓசை போனபிறகு எந்த ஆம்பாலும் அதைத் திருப்பித் தர முடியாது. வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடைத்தால் ஒரு செட் கம்பி இரண்டு மடங்கு நாள் வருகிறது. விலையைப் பார்த்தால் இது பெரிய சேமிப்பு.

லெம்மி கில்மிஸ்டர் விஷயம் தனி. அவரும் கிட்டாரிலிருந்து வந்தவர். 1971-இல் ஹாக்விண்ட் குழுவில் சேர்ந்தபோதுதான் பாஸ் அவர் கைக்கு வந்தது. 1975-இல் மோட்டார்ஹெட். மூன்று பேர் குழு என்பதால் ரிதம் கிட்டார் வேலையையும் அவரே பார்த்தார். ரிக்கன்பேக்கர் பாஸில் பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு வில்லையால்) கார்டுகளாகவே அடித்தார். மார்ஷல் ஆம்பில் பாஸையும் (அடி ஒலியையும்) ட்ரெபிளையும் (மேல் ஒலியையும்) இறக்கிவிட்டு நடு அலைவரிசையை முழுக்க ஏற்றி வைத்தார். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஜாம் ரூமில் செய்து பார்த்தேன். தனியாகக் கேட்டால் தகர டப்பா மாதிரி அசிங்கமாக இருந்தது. டிரம்மும் கிட்டாரும் சேர்ந்ததும் பாஸின் ஒவ்வொரு சுரமும் வரிசையாக எழுந்து நின்றது.

அன்றிலிருந்து சவுண்ட் செக்கில் என் பாஸைத் தனியாகக் கேட்டு நான் ஒலியமைப்பைத் தீர்மானிப்பதில்லை. முழுக் குழுவும் வாசிக்கும்போதுதான் குமிழைத் தொடுவேன். தனியாக இனிமையாக இருக்கும் ஓசைக்கும் குழுவுக்குள் கேட்கும் ஓசைக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருப்பதில்லை. 700-லிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றுங்கள், 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். லெம்மி அளவுக்குப் போக வேண்டியதில்லை. மூன்று பேர் குழு என்றால் போகலாம்.

சரி, ஸ்டீவ் ஹாரிஸ். எனக்கு எல்லோரையும் விட மேலே இவர்தான். 1975 கிறிஸ்துமஸ் நாளில் கிழக்கு லண்டனில் அயர்ன் மெய்டனைத் தொடங்கி இன்றுவரை அதன் முதுகெலும்பாக இருப்பவர். பாஸ் வாசிப்பவரே குழுவின் தலைவராகவும் பெரும்பாலான பாடல்களை எழுதுபவராகவும் இருப்பதால் அந்தப் பாட்டுகளில் பாஸ் பின்னால் நிற்பதே இல்லை. 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அவர்கள் வாசித்தபோது சென்னையிலிருந்து ரயிலேறிப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். மேடையில் மூன்று கிட்டார்கள். நான் நின்றது வெகு பின்னால். திறந்த மைதானத்தில் அவ்வளவு தூரத்தில் பாஸ் சாதாரணமாக வெறும் அதிர்வாகத்தான் வந்து சேரும். ஹாரிஸின் விரல் கம்பியில் படும் ‘டக்’ என்ற ஓசை தனித்தனியாகக் கேட்டது. மேடை மானிட்டர் ஸ்பீக்கர் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் வாயசைத்தபடி அவர் வாசித்ததைப் பார்த்து என்னைச் சுற்றி நின்றவர்கள் பாஸ் வரியையே கோரஸாகப் பாடினார்கள்.

அவர் மாட்டுவது தட்டைச் சுற்றுக் கம்பி, என்ட்விசில் விட்டு விலகிய அதே வகை. பிக் கிடையாது, இரண்டு விரல். அப்புறம் எப்படி அவ்வளவு கூர்மை? கம்பியை அவர் அடிக்கும் அழுத்தத்தில் அது ஃப்ரெட்டில் போய் மோதுகிறது. சுரத்துக்கு முன்னால் வரும் அந்த மோதல் சத்தம்தான் கிட்டார்களைத் தாண்டி வருகிறது. அடியில் தட்டைக் கம்பியின் கனம், முன்னால் உலோகத் தட்டல். இரண்டும் ஒரே கையிலிருந்து வருகின்றன. கருவியை மாற்றாமல் விரல் அழுத்தத்தை மட்டும் மாற்றி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இவரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அவருடைய குதிரைப் பாய்ச்சல் தாளத்தைப் பழக நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி நம்ம ஊர் வழிதான். ஒரு நீளம், இரண்டு குறில்: தா-தக, தா-தக. முதலில் கையில் தாளம் போட்டு வாயால் சொல்லுங்கள். வாயில் ஓடாதது விரலில் ஓடாது. பிறகு மெட்ரோனோமை 80-இல் வைத்து ஒரே சுரத்தில், இரண்டு விரல்களும் மாறி மாறி வரும்படி வாசியுங்கள். மூன்று அடிகள் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் தொடங்கும் விரல் மாறும். அங்கேதான் தடுமாற்றம் வரும். நடுவிரலில் தொடங்கும் ‘தா’ பலவீனமாக ஒலித்தால் அதற்கு மட்டும் தனியாகப் பயிற்சி கொடுங்கள். வேகத்தை ஏற்ற அவசரப்பட வேண்டாம். முன்கை இறுகினால் உடனே நிறுத்திக் கையை உதறிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இறுகிய கையோடு வாசித்து வளர்த்த வேகம் மேடையில் மூன்றாவது பாட்டிலேயே கைவிட்டுவிடும். ‘தி ட்ரூப்பர்’ இந்தப் பழக்கத்துக்கு நல்ல சோதனை.

மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டனைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் மனம் கனக்கும். 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் பேருந்து விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 24. அவரைச் சேர்த்துக்கொள்வதற்காகவே அந்தக் குழு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் குடிபெயர்ந்தது. பாஹ்வின் இசையை ஊன்றிக் கேட்டவர். சுரங்களை எப்படி ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவது என்ற அறிவை அந்தக் குழுவுக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

டிஸ்டார்ஷன்தான் கிட்டாரின் ஆயுதம் என்றால் அதையே பாஸுக்கும் எடுத்துக்கொள்வது, கூடவே வா பெடலையும் சேர்ப்பது. இதுதான் பர்ட்டன் கண்ட வழி. 1984-இல் வந்த ‘ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்’ தொடக்கத்தில் மணி ஓசைக்கு மேலே இறங்கி வரும் அந்த வரியைக் கிட்டார் என்றே பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பாஸ். ‘ஓரியன்’ பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி பாஸ் மட்டும் தொடங்கும் பகுதியும் அப்படித்தான். மெட்டல் எவ்வளவு மென்மையாகவும் இருக்கலாம் என்று யாருக்காவது காட்ட வேண்டுமானால் நான் போட்டுக் காட்டுவது அதைத்தான்.

பாஸில் டிஸ்டார்ஷன் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பெடல்கள் அடிப்பகுதியை விழுங்கிவிடும். கிட்டாரோடு மோதும் பகுதி பெருகும், பாஸ் வேலை செய்ய வேண்டிய பகுதி காலியாகும். யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயர் எழுபதுகளிலேயே இதற்கு வழி கண்டார். தன் ரிக்கன்பேக்கரின் இரண்டு பிக்கப்களையும் (கம்பியின் அதிர்வை மின்னொலியாக்கும் பகுதிகளையும்) பிரித்து வெவ்வேறு ஆம்புக்கு அனுப்பினார். நமக்கு இரண்டு ஆம்ப் கட்டுப்படியாகாது. பெடல் வாங்கும்போது சுத்தமான ஒலியையும் கலக்க ஒரு குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ‘பிளெண்ட்’ என்று எழுதியிருக்கும். அது இல்லாத பெடலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பாஸுக்கு வாங்க வேண்டாம்.

பர்ட்டனுக்குப் பிறகு வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் கதை எல்லா பாஸ் வாசிப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 1988-இல் வந்த ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் பாஸ் கிட்டத்தட்டக் கேட்பதே இல்லை. கலவையில் (மிக்ஸிங்கில்) மிகவும் கீழே இறக்கிவிட்டார்கள். அதோடு பல இடங்களில் அவர் கிட்டார் ரிஃப்பை அதே தாளத்தில் அப்படியே இரட்டிப்பதால், கேட்கும் கொஞ்சமும் கிட்டாரின் நிழலாகிவிடுகிறது. அதே மனிதர் 1991 ஆல்பத்தில், பாப் ராக் (Bob Rock) என்ற தயாரிப்பாளரின் கையில், மலை போல ஒலிக்கிறார். நியூஸ்டெட்டின் கைத்திறமை மேல் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. மாறியது இடம்.

இந்த இடப் பிரச்சினையை உங்கள் கிட்டார் நண்பரோடு உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க முடியும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது கனமாக இருக்கட்டும் என்று அவர் அடிப்பகுதியை ஏற்றி வைத்திருப்பார். ஒத்திகையில் அதைக் குறைக்கச் சொல்லுங்கள். கெயினையும் (டிஸ்டார்ஷனின் அளவையும்) கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். குறைத்தால் கனம் போய்விடும் என்று தயங்குவார். ஃபோனில் இரண்டு விதமாகவும் பதிவு செய்து போட்டுக் காட்டுங்கள். மெட்டல் கிட்டாரின் கனத்தில் பெரும்பங்கு பாஸிலிருந்து வருகிறது என்பதை அதைக் கேட்டபிறகு யாரும் மறுப்பதில்லை.

ஃபுளோரிடாவின் டெத் குழுவில் வாசித்த ஸ்டீவ் டி ஜார்ஜியோவைக் கேட்டபோது டெத் மெட்டல் பற்றி நான் வைத்திருந்த எண்ணமே மாறிவிட்டது. 1993-இல் வந்த ‘இண்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்’ ஆல்பத்தில் அவர் வாசித்தது ஃப்ரெட் இல்லாத பாஸ். ஃப்ரெட்டில் முட்டாமல் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும் அந்த ஓசையை எந்த டிஸ்டார்ஷன் கிட்டாரும் போலச் செய்ய முடியாது, அதனால் மறைக்கவும் முடியாது. அதற்கு முந்தைய ‘ஹியூமன்’ ஆல்பத்திலும் அவர்தான். முதலில் வந்த கலவையில் பாஸ் அடியில் புதைந்திருந்தது. 2011-இல் மறுகலவை செய்து வெளியிட்டபோதுதான் என்ன வாசித்திருக்கிறார் என்பது முழுதாகத் தெரிந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரு நல்ல வகுப்புக்குச் சமம். கமகத்துக்குப் பழகிய நம் காதுக்கு ஃப்ரெட் இல்லாத பாஸ் சீக்கிரம் பிடித்துப்போகும். ஆனால் சுருதி பிசகினால் உடனே காட்டிக்கொடுக்கும், எனவே டியூனரையோ சுருதிப்பெட்டியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுங்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இருப்பவர் போல்ட் த்ரோவரின் ஜோ பெஞ்ச். இங்கிலாந்தின் கவென்ட்ரி ஊரிலிருந்து வந்த அந்தக் குழுவில் 1987-லிருந்து 2016-இல் அது கலையும் வரை பாஸ் அவர்தான். எக்ஸ்ட்ரீம் மெட்டலில் பெண்கள் மிக அரிதாக இருந்த காலத்தில் வந்து கடைசிவரை நின்றவர். அலங்காரம் எதுவும் இல்லை. ரிஃப்பின் எடை முழுவதையும் தாங்கி, ஒரு அடி முன்னேயும் போகாமல் பின்னேயும் விழாமல் வாசிப்பார். இது சுலபம் என்று நினைப்பவர்கள் மிதவேக ரிஃப் ஒன்றை ஐந்து நிமிடம் மெட்ரோனோமோடு வாசித்துப் பதிவு செய்து கேட்கட்டும்.

கம்பியைக் கீழே இறக்கி வாசிக்கும் குழுக்களுக்குச் சில விஷயங்கள். வழக்கமான 105 தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் 105 பங்கு) அடிக்கம்பியை இரண்டு அரைச்சுரம் இறக்கும் வரை சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் தொளதொளத்து சுருதி அலையும். 110 அல்லது 115 மாட்டுங்கள். இன்னும் கீழே வேண்டுமென்றால் ஐந்து கம்பி செட் வாங்கி, மெல்லிய கம்பியை விட்டுவிட்டு மற்ற நான்கையும் மாட்டலாம். நட்டில் (கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் படியும் துண்டில்) உள்ள பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும், கழுத்தின் வளைவையும் சரிசெய்ய வேண்டும். நல்ல கருவி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் செய்வது நல்லது. பாஸை முழங்கால் வரை தொங்கவிட்டு வாசிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படித் தொங்கவிட்டால் இடது மணிக்கட்டு மடங்கிப்போய் நாளடைவில் வலி வரும். உட்கார்ந்து வாசிக்கும்போது பாஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நின்றாலும் அதே உயரத்தில் இருக்கும்படி பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒத்திகையில் டிரம்மரின் கிக் கால் தெரியும் இடத்தில் நில்லுங்கள். வாரத்தில் ஒருமுறையாவது கிட்டார் இல்லாமல் நீங்கள் இரண்டு பேர் மட்டும் முழுப் பாட்டையும் வாசியுங்கள். எந்த இடத்தில் கிக்கும் பாஸும் சேர்ந்து விழ வேண்டும், எங்கே பாஸ் தனியாக நடக்க வேண்டும் என்பது அப்போதுதான் முடிவாகும். அயர்ன் மெய்டனில் பல்லாண்டு வாசித்த நிக்கோ மெக்பிரெய்ன் ஒற்றைக் கிக் பெடலே போதும் என்று இருந்தவர். ஹாரிஸின் தா-தக மூன்று அடிகளும் அவ்வளவு தெளிவாகக் கேட்பதில் அதற்கும் பங்கு உண்டு. உங்கள் டிரம்மர் இரட்டைப் பெடலை விடமாட்டேன் என்பவராக இருந்தால், அவர் இரண்டு காலும் ஓட்டும் இடங்களில் நீங்கள் நீண்ட சுரங்களுக்கு மாறிப் பாருங்கள்.